தீனிக்குடுவைக்கு வந்த மஞ்சள் கார்டினல்: ஒரு பறவை எந்த வகையில் ‘அரிது’?

2018 ஜனவரி கடைசி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகருக்குத் தெற்கே அலபாஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் தொங்கிக்கொண்டிருந்த தீனிக்குடுவைக்கு ஒரு மஞ்சள் பறவை வந்து உட்கார்ந்தது. தலையில் கொண்டை, அலகைச் சுற்றிக் கறுப்பு முகமூடி, விதையை நொறுக்கும் தடித்த கூம்பலகு. எல்லாம் கார்டினல் என்ற வட அமெரிக்கப் பறவைக்கு உரிய அடையாளங்கள். ஆனால் ஆண் கார்டினல் என்றால் பழுத்த மிளகாய்ச் சிவப்பில் இருக்க வேண்டும். இது மாம்பழ மஞ்சளில் இருந்தது.

சில வாரங்களுக்குள் அதன் படம் உலகச் செய்திகளில் வந்துவிட்டது. ‘அரிய பறவை’, ‘பத்து லட்சத்தில் ஒன்று’ என்று தலைப்புகள். படித்தவர்களுக்கு எழுந்த கேள்விகள் பலவிதம். இது புது இனமா? கூண்டுக் கேனரியோடு கலந்து பிறந்ததா? சாப்பாட்டில் கோளாறா? பருவநிலை மாற்றமா?

எதுவும் இல்லை. கார்டினல் அமெரிக்காவின் 7 மாநிலங்களுக்கு மாநிலப் பறவை. கிழக்குப் பகுதியில் மைனாவைப் போலச் சாதாரணமாகக் கண்ணில் படுவது. அப்படியானால் ‘அரிய’ என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது? குழப்பமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. நாலைந்து வெவ்வேறு சங்கதிகளுக்குச் செய்தித்தாள்கள் அந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால், கொல்லைப்புறத்துக்கு வரும் எந்தப் புதுப் பறவையையும் பார்த்து ‘இது எந்த வகையில் அரிது’ என்று கேட்க முடியும். பறவையின் பெயரைக் கண்டுபிடிப்பதைவிட இந்தக் கேள்வி பயனுள்ளது.

தீனிக்குடுவை என்றால்

சூரியகாந்தி விதை, கொழுப்புக்கட்டி, சர்க்கரைத் தண்ணீர் என்று ஏதாவது ஒன்றை நிரப்பி மரக்கிளையிலோ கம்பத்திலோ தொங்கவிடும் குடுவை அல்லது தட்டு. வட அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் ‘ஃபீடர்’ என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைச் சுற்றிப் பறவைகளுக்குத் தீனி வைப்பதாக அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பு சொல்கிறது.

நம் ஊரிலும் காக்கைக்குச் சோறு வைக்காத வீடு குறைவு. மொட்டைமாடியில் கிளிகளுக்கு அரிசி இறைப்பவர்களும் உண்டு. ஆனால் இன்று எத்தனை காக்கை வந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அங்கே எழுதி வைக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் கனடாவின் ‘பேர்ட்ஸ் கனடா’ அமைப்பும் நடத்தும் ‘ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச்’ 1987 முதல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தக் கணக்கைச் சேகரிக்கிறது. மஞ்சள் கார்டினல் மாதிரி ஒன்று செய்தியாவதற்கும் இந்தப் பழக்கம்தான் பின்னணி. லட்சக்கணக்கான சன்னல்களுக்குப் பின்னால் லட்சக்கணக்கான கண்கள் இருக்கின்றன.

அரிதாக இருப்பதன் வகைகள்

1. இனம் சாதாரணமானது, இந்த ஒரு பறவை மட்டும் விசித்திரமானது. அலபாஸ்டர் கார்டினல் இந்த வகை.
2. இனம் அதன் சொந்த ஊரில் சாதாரணமானது. இந்த ஆண்டு மட்டும் கூட்டமாக வேறு ஊருக்கு இறங்கியிருக்கிறது.
3. தனி ஒரு பறவை, அதன் வலசைப் பாதையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகி வந்திருக்கிறது.
4. உலகத்திலேயே அந்த இனத்தின் எண்ணிக்கை குறைவு.
5. யாரோ வளர்த்த கூண்டுப் பறவை தப்பி வந்தது.

நாலாவது வகை தீனிக்குடுவைக்கு வருவது ரொம்பவும் அபூர்வம். அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களுக்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட காடோ சதுப்புநிலமோதான் பிழைப்பு. புறநகர் வீட்டில் தொங்கும் சூரியகாந்தி விதைக்கு அவை வருவதில்லை. ஐந்தாவது வகை ஏமாற்றமானது, ஆனால் அடிக்கடி நடப்பது. சிகாகோ, விஸ்கான்சின் பக்கம் தீனிக்கு வரும் ஐரோப்பியத் தங்கச்சிட்டுகள் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தவை அல்ல, கூண்டிலிருந்து வெளியேறியவற்றின் வழித்தோன்றல்கள். மற்ற மூன்றையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சிவப்பு எப்படி மஞ்சளாகும்?

கார்டினலின் சிவப்புக்குக் காரணம் கரோட்டினாய்டு என்ற நிறமி. கேரட்டுக்கும் தக்காளிக்கும் நிறம் தருவதும் இதே குடும்பம்தான். பறவைகளின் உடலால் இந்த நிறமியைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டாக வேண்டும். இதைக் கேட்டதும் ‘அப்போ சிவப்புப் பழம் தின்னாததால் மஞ்சளாகிவிட்டது போல’ என்று தோன்றும். விஷயம் அவ்வளவு நேரடியானது அல்ல.

கார்டினல் தின்னும் விதைகளிலும் பழங்களிலும் பெருமளவு இருப்பது மஞ்சள் கரோட்டினாய்டுகள். அதாவது கார்டினல் சாப்பிடுவதே மஞ்சளைத்தான். உடலுக்குள் ஒரு நொதி அந்த மஞ்சள் மூலக்கூறுகளில் ஆக்சிஜனைச் சேர்த்துச் சிவப்பாக மாற்றுகிறது. சிவந்த மூலக்கூறு, வளரும் இறகுக்குள் போய்ப் படிகிறது. சாயப்பட்டறை பறவையின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வருவது மஞ்சள் மூலப்பொருள் மட்டும்.

அந்த நொதிக்கான மரபணுவை 2016-ல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. ஒரு குழு பார்த்தது சிவப்புக் கேனரியை. சாதாரண மஞ்சள் கேனரியைத் தென் அமெரிக்கச் சிவப்புச் சிஸ்கின் குருவியோடு கலந்து, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வளர்ப்பாளர்கள் உருவாக்கிய வகை அது. இன்னொரு குழு, வழக்கமான சிவப்பு அலகுக்குப் பதில் மஞ்சள் அலகோடு பிறக்கும் வரிக்குருவிச் சில்லைகளை ஆராய்ந்தது. இரண்டு வழிகளும் போய்ச் சேர்ந்தது சிஒய்பி2ஜே19 என்ற ஒரே மரபணுவிடம்.

அதற்கு முன்பே, 2003-ல், ஒரு மஞ்சள் கார்டினலின் இறகுகளை வேதியியல் முறையில் ஆராய்ந்திருந்தார்கள். மஞ்சள் நிறமிகள் இருந்தன. சிவப்பு வகை இல்லவே இல்லை. மூலப்பொருள் வந்து இறங்கியிருக்கிறது, பட்டறைதான் ஓடவில்லை. மரபணுவில் ஏற்பட்ட திடீர்மாற்றத்தால் அந்த நொதி செயலிழந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒருவர் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹில். அலபாஸ்டர் பறவையைப் பற்றி 2018-ல் செய்தியாளர்கள் போய்க் கேட்டதும் அவரிடம்தான்.

உணவுக் கோளாறா, மரபணுவா என்று வீட்டிலிருந்தே ஓரளவு ஊகிக்க முடியும். காரணம் உணவு என்றால் அதே தெருவில், அதே தீனியைத் தின்னும் மற்ற ஆண் கார்டினல்களும் வெளுத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் பளிச்சென்று மஞ்சளாகவும் மற்றவை சிவப்பாகவும் இருந்தால், பிரச்சினை தட்டில் இல்லை, பறவைக்குள் இருக்கிறது.

ஆனால் எல்லா நிறமாற்றத்துக்கும் இதே விளக்கம் பொருந்தாது. கொல்லைப்புறத்தில் சிவப்புத் தலையோடு வரும் ஹவுஸ் ஃபிஞ்ச் குருவிகளில் சில ஆண்கள் ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ இருக்கும். அங்கே இறகு முளைக்கும் காலத்தில் தின்ற உணவுக்குப் பெரும் பங்கு உண்டு. சீடர் வேக்ஸ்விங் என்ற பறவையின் வால்நுனி மஞ்சளாக இருப்பது வழக்கம். 1960-கள் முதல் வட அமெரிக்காவின் கிழக்கில் ஆரஞ்சு வால்நுனிப் பறவைகள் தென்படத் தொடங்கின. ஆசியாவிலிருந்து தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு ஹனிசக்கிள் செடியின் பழத்தில் இருந்த சிவப்பு நிறமிதான் காரணம். இறகு முளைக்கும்போது அந்தப் பழத்தைத் தின்றவை ஆரஞ்சாயின. புது இனம் என்று யாராவது அவசரப்பட்டிருந்தால் அவமானமாகப் போயிருக்கும்.

பாதி ஆண், பாதி பெண்

ஓராண்டு கழித்து, 2019 ஜனவரியில், பென்சில்வேனியாவின் ஈரீ நகரில் ஒரு தீனிக்குடுவைக்கு இன்னொரு கார்டினல் வந்தது. வலப்பக்கம் ஆணின் சிவப்பு, இடப்பக்கம் பெண்ணின் பழுப்பு. நடுவில் கோடு கிழித்தது போன்ற பிரிவு. அர்த்தநாரீஸ்வரர் என்று தமிழில் சமூக ஊடகங்களில் யாராவது பகிர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். உவமை கச்சிதம்தான், வலம் ஆண், இடம் பெண் என்ற திசைகூடப் பொருந்துகிறது.

பறவைகளில் ஆணுக்கு இசட்-இசட், பெண்ணுக்கு இசட்-டபிள்யூ என்று குரோமோசோம்கள். கருமுட்டையில் இரண்டு உட்கருக்கள் தங்கிவிட்டு, இரண்டும் தனித்தனி விந்தணுக்களோடு சேர்ந்துவிட்டால், ஒரே உடலின் ஒரு பாதி ஆண் செல்களாலும் மறுபாதி பெண் செல்களாலும் உருவாக வாய்ப்புண்டு. மனித உடலில் பால் வேறுபாட்டைப் பெரும்பாலும் இரத்தத்தில் ஓடும் ஹார்மோன்கள் நிர்ணயிக்கின்றன. பறவையிலோ ஒவ்வொரு செல்லும் தன் பாலைத் தானே ‘அறிந்து’ நடப்பதால் இப்படி நேர்க்கோட்டுப் பிரிவு சாத்தியமாகிறது.

இப்படிப்பட்ட ஒன்றை இலினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில் 2008 டிசம்பர் முதல் 2010 மார்ச் வரை 40-க்கும் மேற்பட்ட நாட்கள் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அது ஜோடி சேர்ந்து பார்க்கவில்லை, பாடியும் கேட்கவில்லை. மற்ற கார்டினல்கள் அதைத் துரத்தவும் இல்லை. ஒரு நாள் படம் எடுத்து விட்டுவிடுவதற்கும், இரண்டு குளிர்காலம் பார்த்துக்கொண்டே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கோடை முடிவில் தலையில் ஒரு இறகும் இல்லாமல் கழுகுக்குஞ்சு மாதிரி விகாரமாக ஒரு கார்டினல் வந்தால், அது அரிய இனமும் அல்ல, பேயும் அல்ல. தலை இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிட்டது, அவ்வளவுதான். சில வாரங்களில் முளைத்துவிடும்.

கூம்பு காய்க்காத ஆண்டு

இரண்டாவது வகைக்கு வருவோம். குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில் திடீரென்று இருபது முப்பது புதுக் குருவிகள் குடுவையை மொய்க்கின்றன. அதற்கு முன் ஐந்து வருடம் ஒன்றுகூட வந்ததில்லை. என்ன நடந்தது?

காரணம் வடக்கே, கனடாவின் ஊசியிலைக் காடுகளில் இருக்கிறது. ஸ்ப்ரூஸ், பைன், பிர்ச் மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவு காய்ப்பதில்லை. நம் மாமரத்துக்கு ஒரு வருடம் காய்ப்பு, ஒரு வருடம் ஓய்வு என்று சொல்வோமே, அதுபோல. ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் எல்லா மரங்களும் சேர்ந்தாற்போலக் காய்க்கும், சேர்ந்தாற்போல ஓய்ந்துவிடும். அபரிமிதமாகக் காய்த்த ஆண்டில் விதைதின்னிகள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் முளைக்கும் என்பது மரத்தின் லாபம். ஓய்ந்த ஆண்டில் விதையை நம்பி வாழும் பைன் சிஸ்கின், ரெட்போல், ஈவினிங் குரோஸ்பீக் போன்ற பறவைகளுக்குத் தெற்கே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இது வலசை அல்ல. வலசை நாள்காட்டிப்படி நடப்பது. இது பசியின் கணக்குப்படி நடப்பது. அதனால்தான் முன்கூட்டியே சொல்லவும் முடிகிறது. கனடாவின் ரான் பிட்டவே 1999 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, கோடையில் எந்த மரம் எங்கே எவ்வளவு காய்த்திருக்கிறது என்ற தகவலைத் திரட்டி, வரும் குளிர்காலத்தில் எந்தக் குருவி தெற்கே இறங்கும் என்று ‘குளிர்காலச் சிட்டு முன்னறிவிப்பு’ வெளியிட்டு வந்தார். அவருக்குப் பிறகும் அது தொடர்கிறது. மழை அறிவிப்பைவிட அது நன்றாகப் பலிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு.

2020-21 குளிர்காலத்தில் பல இனங்கள் ஒரே நேரத்தில் தெற்கே கொட்டின. ஊரடங்கில் சன்னலருகே உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாழ்நாளில் பார்க்காத குரோஸ்பீக் தரிசனம். இந்த ஈவினிங் குரோஸ்பீக்கின் கதையில் ஒரு கசப்பு இருக்கிறது. 1970-க்குப் பிறகு அதன் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்திருப்பதாக மதிப்பீடு. கூட்டமாக வந்து இறங்கும்போது ஏராளமாக இருப்பது போல ஒரு மயக்கம் வரும். உண்மையில் நாலாவது வகையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் பறவை அது.

ரெட்போல் விஷயம் வேறு மாதிரி வேடிக்கை. சாதாரண ரெட்போல் கூட்டத்துக்குள் சற்றே வெளிறிய ‘ஹோரி ரெட்போல்’ ஒன்று இருக்கிறதா என்று தேடித் தேடிக் கண்கள் பூத்துப்போனவர்கள் பலர். 2024-ல் அமெரிக்கப் பறவையியல் சங்கம், இவை எல்லாம் ஒரே இனம் என்று முடிவு செய்து பட்டியலைத் திருத்தியது. பல பேருடைய குறிப்பேட்டில் இருந்த ஓர் ‘அரிய இனம்’ ஒரு காகிதத் தீர்மானத்தில் காணாமல் போனது.

வழி தவறியதா, வழி கண்டதா?

மூன்றாவது வகைதான் மக்களை ரயிலேற வைப்பது. வலசைப் பறவைகளின் குஞ்சுகள் பல இனங்களில் பெற்றோர் துணையில்லாமல் முதல் பயணம் போகின்றன. எந்தத் திசையில், எவ்வளவு காலம் பறக்க வேண்டும் என்பது பிறப்பிலேயே எழுதியிருக்கிறது. எழுதியதில் பிழை வந்தால் பறவை எதிர்த்திசையில் போகும். அல்லது திசை சரியாக இருந்தும் புயல் தூக்கி எறியும்.

(தமிழ்நாட்டில் அக்டோபர் வாக்கில் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் வீட்டு வராந்தாவில் கிடப்பதைப் பார்த்தவர்கள் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சரியான பாதையில்தான் வந்திருக்கிறது, வழியில் களைப்பாறுகிறது. அரிதாகத் தெரிவதற்குக் காரணம், அது புதருக்குள் மறைந்தே திரிவது.)

வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கூடு கட்டும் ஹம்மிங்பேர்ட் வகை ஒன்றே ஒன்று: ஆணுக்கு மாணிக்கச் சிவப்புக் கழுத்துடைய ரூபித்ரோட் ஹம்மிங்பேர்ட். அது இலையுதிர்காலத்தில் தெற்கே போய்விடும். நவம்பர் பிற்பாதியில் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைக்கு ஒரு ஹம்மிங்பேர்ட் வந்தால், அது மேற்கிலிருந்து வந்த ரூஃபஸ் ஹம்மிங்பேர்டாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. அலாஸ்கா வரை போய்க் கூடு கட்டிவிட்டு, மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டிய பறவை. ‘குளிர் வந்ததும் குடுவையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பறவை போகாமல் தங்கிவிடும்’ என்ற பழைய அறிவுரை தவறு. புறப்படும் நேரத்தைப் பகல் நீளம் குறைவதுதான் தூண்டுகிறது, சர்க்கரைத் தண்ணீர் தடுப்பதில்லை. குடுவையை விட்டுவைத்தவர்கள்தான் ரூஃபஸைப் பார்த்தார்கள்.

காலில் வளையம் மாட்டி விட்ட ரூஃபஸ் பறவைகளில் சில, அடுத்த குளிர்காலமும் அதே வீட்டுக்கு வந்தன. வழி தவறியவை என்று இவற்றைச் சொல்வது கடினம். முதல் தடவை பிழையாக நடந்தது, பிழைத்துக்கொண்டதால் பழக்கமாகிவிட்டது.

இதன் முழு வடிவத்தை ஐரோப்பாவின் கறுந்தொப்பிக் குருவியில் காணலாம். ஆங்கிலத்தில் பிளாக்கேப். தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியாவில் கூடு கட்டும் இவை தென்மேற்கே ஸ்பெயின் பக்கம் போய்க் குளிர்காலத்தைக் கழிப்பது வழக்கம். 1960-களிலிருந்து பிரிட்டன் வீட்டுத் தோட்டங்களில் குளிர்காலத்திலும் இவை அதிகமாகத் தென்படத் தொடங்கின. முதலில் ‘அரிய விருந்தாளி’. ஜெர்மன் ஆய்வாளர் பீட்டர் பெர்தோல்டும் குழுவினரும் பிரிட்டனில் குளிர்காலம் கழித்த பறவைகளைப் பிடித்து, ஜெர்மனிக்குக் கொண்டுபோய் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். பிரிட்டனையே பார்த்திராத குஞ்சுகள், வலசைக் காலம் வந்ததும் பெற்றோர் போலவே வடமேற்கு நோக்கித் தாவின. 1992-ல் வெளியான இந்த முடிவு, புதுத் திசை மரபில் ஏறிவிட்டது என்று காட்டியது.

ஏன் ஏறியது? பிரிட்டனின் குளிரில் முன்பு இப்படிப்பட்ட பறவை செத்திருக்கும். இப்போது மிதமான குளிர்காலமும் தோட்டத் தீனியும் அதைக் காப்பாற்றுகின்றன. 2015-ல் பிரிட்டன் வீட்டுத் தோட்டக் கணக்கெடுப்புகளை வைத்துச் செய்த ஆய்வு, தீனி நிலையாகக் கிடைக்கும் தோட்டங்களோடு இவற்றின் பரவல் பொருந்துவதைக் காட்டியது. தீனிக்குடுவை வெறும் பார்வைச் சன்னல் அல்ல. எந்தப் பிழை உயிர்பிழைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் கையும் அதற்கு இருக்கிறது.

கார்டினலே ஒரு சாட்சி. கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில், ஸ்கார்பரோவிலோ மார்க்கம் நகரிலோ இருக்கும் தமிழ் வீட்டுக் கொல்லையில் பனிமேல் சிவப்பாக அது உட்கார்ந்திருப்பதை இன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அது தெற்கத்திப் பறவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஒன்டாரியோவின் தென்கோடியில் கூடு கட்டத் தொடங்கியது. அதன்பின் வடக்கே நகர, குளிர் குறைந்ததும் புறநகர்ப் புதர்களும் தீனியும் துணை செய்தன. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் டொராண்டோவில் ஒரு சாதாரணச் சிவப்புக் கார்டினல் வந்திருந்தால், அதுதான் செய்தி.

வந்திருப்பது எது என்று தீர்மானிக்க

1. முதலில் படம். சன்னல் கண்ணாடிக்குள்ளிருந்து எடுத்த மங்கல் படமும் ‘நான் பார்த்தேன்’ என்ற சத்தியத்தைவிட மேல். முன், பக்கம், முதுகு மூன்றும் கிடைத்தால் நல்லது.
2. நிறத்தைக் கடைசியில் பாருங்கள். அலகின் வடிவம், வாலின் நீளம், பக்கத்தில் இருக்கும் தெரிந்த பறவையோடு ஒப்பிட்ட உருவம், இவை அவ்வளவு எளிதில் பொய் சொல்லா. மஞ்சள் கார்டினலைக் கார்டினல் என்று காட்டிக்கொடுத்தவை கொண்டையும் அலகும்தான்.
3. சாதாரண விடைகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். பெண் பறவையா? இளம்பறவையா? இறகு உதிர்க்கிறதா? பெண் ரெட்விங் பிளாக்பேர்ட் பழுப்புக் கோடுகளோடு பெரிய சிட்டுக்குருவி போல இருந்து பலரை ஏமாற்றியிருக்கிறது. கோடையில் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும் அமெரிக்கத் தங்கச்சிட்டு குளிர்காலத்தில் மங்கிய பழுப்பு. ‘மஞ்சள் குருவிகள் போய் வேறு ஏதோ வந்திருக்கிறது’ என்று நினைப்பவர்கள் ஏராளம்.
4. ஊரையும் மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். பரவல் வரைபடம் ‘இங்கே இல்லை’ என்று சொன்னால் பறவை இல்லை என்று அர்த்தமல்ல; ஆதாரம் கூடுதலாக வேண்டும் என்று அர்த்தம்.
5. பிறகு பதிவு செய்யுங்கள். 2002-ல் தொடங்கிய இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மாதத்துக்கும் எதிர்பார்க்கத்தக்க பறவைகளின் வரம்பு வைத்திருக்கிறார்கள். அதை மீறிய பதிவைத் தளம் தானாகவே சரிபார்ப்புக்கு ஒதுக்கும். உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் படமோ விவரமோ கேட்டு எழுதுவார். இதைப் பலர் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்களை நம்பவில்லை என்பதல்ல. முப்பது வருடம் கழித்து அந்தப் பதிவைப் படிக்கப்போகிறவருக்கு உங்களைத் தெரியாது.

எண்ணும்போது ஒரு விதி. காலையில் 3, மதியம் 5, மாலையில் 2 என்று ஒரே வகைக் குருவிகள் வந்தால் எழுத வேண்டியது 10 அல்ல, 5. ஒரே நேரத்தில் ஒன்றாகத் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் ஃபீடர்வாட்ச் கேட்கிறது, ஒரே பறவையை இரண்டு தடவை எண்ணிவிடாமல் இருக்க. தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்பவர்களுக்கும் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து எண்ணும்போது இந்த எச்சரிக்கை உதவும்.

பயப்படாமல் உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்

புதுக் குருவி ஒன்று வந்திருக்கிறது, கிட்டே போனாலும் பறக்கவில்லை, இறகை உப்பிக்கொண்டு தட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. ‘என்ன பழகிய பறவை!’ என்று மகிழ்வதற்கு முன் யோசிக்க வேண்டும். அது நோயுற்ற பறவையாக இருக்கலாம்.

2020-21-ல் கொட்டிய பைன் சிஸ்கின்களுக்கு அதுதான் நடந்தது. கூட்டம் பெருகிய தட்டுகளில் எச்சமும் தீனியும் கலந்து, சால்மொனெல்லா பாக்டீரியா பரவிப் பறவைகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் தொற்றியது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் காட்டுக் குருவிகளோடு தொடர்புடைய தொற்றாக 12 மாநிலங்களில் 29 பேரைக் கணக்கிட்டது. 1994-ல் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் கண் வீங்கிய ஹவுஸ் ஃபிஞ்ச்கள் தென்பட்டதையும் முதலில் கவனித்தவர்கள் வீட்டுச் சன்னல் பார்வையாளர்களே. கோழிகளுக்கு வரும் ஒரு மைக்கோபிளாஸ்மா கிருமி குருவிக்குத் தாவியிருந்தது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடுவையைக் கழற்றி, ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். கீழே சிந்தியதைக் கூட்டிவிட வேண்டும். நோயுற்ற பறவை தெரிந்தால் சில வாரங்களுக்குத் தீனியே வைக்காமல், கூட்டத்தைக் கலைய விடுவது நல்லது. அபூர்வப் பறவை போய்விடுமே என்று அப்போது தயங்குவதுதான் பெரிய தவறு.

அப்புறம் கண்ணாடி. அமெரிக்காவில் ஆண்டுதோறும் கட்டடங்களில் மோதிச் சாகும் பறவைகள் 36 கோடி முதல் கிட்டத்தட்ட 100 கோடி வரை என்று 2014-ல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. குடுவையைச் சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைக்கலாம், வேகம் எடுக்காது. அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் வைக்கலாம். இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து.

செய்தி வெளியே போனால்

1989 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், லார்க்ஃபீல்டு என்ற குடியிருப்புப் பகுதியில் கோல்டன்-விங்டு வார்ப்ளர் என்ற அமெரிக்கப் பறவை ஒன்று தென்பட்டது. பிரிட்டனில் அதுவரை பதிவானதே இல்லை. சேதி பரவியதும் ஆயிரக்கணக்கானவர்கள் தொலைநோக்கிகளோடு அங்கே குவிந்தார்கள். அருகிலிருந்த பல்பொருள் அங்காடியின் வண்டி நிறுத்துமிடம் நிரம்பி வழிந்தது. கையில் தொலைபேசியே இல்லாத காலத்தில் இது. இன்று ஒரு படத்தைப் பதிந்தால் அதில் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பே தெருவைக் காட்டிவிடும்.

அலபாஸ்டர் வீட்டில் வேறு மாதிரி செய்தார்கள். ஊர்ப் பெயர் மட்டும் வெளியே வந்தது. தெருவும் வீடும் வரவில்லை. படம் எடுக்க ஒரு புகைப்படக்காரரை அழைத்தார்கள்; அவர் கொல்லைப்புறத்தில் பல மணி நேரம் காத்திருந்து எடுத்துக் கொடுத்தார். ‘பத்து லட்சத்தில் ஒன்று’ என்ற கணக்கும் அதன் பிறகு ஜெஃப்ரி ஹில் சொன்னதுதான். எத்தனை கார்டினல் முட்டை பொரிந்தது என்று யாரும் எண்ணிச் சொன்ன கணக்கல்ல அது. கார்டினல் வாழும் பரப்பில் ஏறத்தாழ இத்தனை தீனிக்குடுவைகள், அவற்றில் ஆண்டுக்கு இரண்டு மூன்று மஞ்சள் பறவைகள் பற்றித் தகவல் வருகிறது என்று தோராயமாக வகுத்துப் பார்த்தது. குடுவை இல்லாத காட்டில் பிறந்த மஞ்சள் கார்டினல்கள் அந்தக் கணக்கில் இல்லை.